சுவர் வழியாக அறுநூறு வோல்ட்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், அதுல சால்டரிங் அயர்ன் வச்சிருக்கேன், இப்பதான் ஆஃப் பண்ணினேன். இதுல உக்காருங்க. பக்கத்து வீட்டு விஷயமாத்தானே வந்திருக்கீங்க? கேட் பக்கத்துல நின்னு மேல பாத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. வீடு வாங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. விரிசல் இருக்கா, ஈரம் இருக்கான்னு பாத்துக்கிட்டே வந்து, கடைசியில என் மாடியிலேருந்து அவன் மாடிக்குப் போற கம்பி மேல கண்ணு நிக்கும். போன வாரம் ஒருத்தர் துணி காயப்போடவான்னு கேட்டார். இருபது மீட்டர் செம்புக் கம்பியில யாரு சார் துணி காயப்போடுவா. அது ஏரியல்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். என் பேரு மரியசூசை. சிமெண்டு ஆலையில எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். பக்கத்து வீட்டு இருதயராஜ் என் கூடப்பொறந்த தம்பி. நாங்க பேசிக்கிறதில்ல. பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. இப்ப வீட்ட வித்துட்டு ஓசூர்ல மகன்கூடப் போயி இருக்கப்போறானாம். போகட்டும், எனக்கென்ன வந்துச்சு. ஆனா வாங்க வர்றவங்க ஏமாந்துடக் கூடாதில்ல? அதனால நான் உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க. நாலு பேரையும் இங்கதான் உக்கார வச்சு சொன்னேன். ரொம்ப நன்றி சார்னு கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாங்க. அப்புறம் இந்தத் தெருப்பக்கமே காணோம்.

இருங்க, இருங்க, நீங்க அப்புறம் சொல்லலாம். பையக் கீழ வைங்க. பிலோமினா, சாருக்கு ஒரு காபி.

அந்த மேஜை மேல இருக்கு பாருங்க, கறுப்புப் பெட்டி. கிட்டப் போயிப் பாருங்க, இப்ப தொடலாம், ஏழுலேருந்து எட்டு வரைக்கும்தான் தொடக்கூடாது. அது ட்ரான்ஸ்மிட்டர். முழுக்க வால்வு செட்டு, பழைய ரேடியோவுல கண்ணாடி பல்பு மாதிரி எரியுமே, அதுதான் வால்வு. ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. லைசென்ஸ் வாங்கி, வீட்டுலயே சொந்தமா ஸ்டேஷன் வச்சு, முன்னப்பின்ன தெரியாத ஊர்க்காரங்ககிட்ட பேசறது. என்னதான் பேசுவீங்கன்னு முன்னாடி வந்தவர் கேட்டார். இங்க வெயில், அங்க மழை, என் ஏரியல் இவ்வளவு ஒசரம், உங்க ஏரியல் எவ்வளவு ஒசரம். அவ்வளவுதான் சார். அரசியல் பேசக்கூடாது, மதம் பேசக்கூடாது, யாரையும் திட்டக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் நான் எவ்வளவு மரியாதையான ஆளுன்னு இலங்கையில கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

இத எங்கப்பா கட்டினார். ஞானாதிக்கம்னு பேரு, ரயில்வே பட்டறையில பிட்டர். மிலிட்டரி ஏலத்துல வந்த வால்வு, பழைய பஸ் தகரம், இதெல்லாம் வச்சு மூணு வருஷம் உக்காந்து கட்டினார். ரெண்டு பெட்டியாக் கட்டினார். ஒரு பெட்டி பேசுறது, இது. இன்னொரு பெட்டி இதுக்குச் சோறு போடுறது, அதுக்குப் பேரு பவர் பேக். வீட்டு கரண்ட வாங்கி அறுநூறு வோல்ட்டாக்கி இதுக்கு அனுப்பும். அதுல ரெண்டு பாதரச வால்வு இருக்கு, நீலமா எரியும். நாம சத்தமாப் பேசினா அந்த நீலம் கூடும், மெதுவாப் பேசினா கொறையும். ஒரு பெட்டி இல்லாம இன்னொண்ணு வெறும் இரும்பு. இந்தப் பெட்டி எங்கிட்ட இருக்கு. அந்தப் பெட்டி அவன்கிட்ட இருக்கு.

எப்படின்னு கேளுங்க. சொன்னா சிரிப்பீங்க. நாலாவதா வந்தவர் சிரிச்சார், அப்புறம் சிரிக்கல.

எங்க ஹாம் ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் பேசினா, எதிர்ல கேக்கறவர் அவருக்கு ரிப்போர்ட் குடுக்கணும். எவ்வளவு தெளிவாக் கேக்குதுன்னு அஞ்சுக்கு ஒரு மார்க், எவ்வளவு பலமாக் கேக்குதுன்னு ஒம்பதுக்கு ஒரு மார்க். எல்லாரும் எல்லாருக்கும் அஞ்சு-ஒம்பதுதான் குடுப்பாங்க. அஞ்சு-ஒம்பது சார், ரொம்பப் பிரமாதம் சார், உங்க பேரு கேக்கல, ஊரு கேக்கல, கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்கம்பாங்க. அது ஒரு மரியாதை. கல்யாண வீட்டுல போயி சாம்பார்ல உப்பு இல்லன்னு யாராவது சொல்வாங்களா?

இவன் சொன்னான் சார்.

அப்பா போயி ஒரு வருஷம். செட்டுல பாதி வயரு எலி கடிச்சு, கண்டன்சரெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. நாலு மாசம் லீவு நாளெல்லாம் உக்காந்து நான் ஒருத்தனாச் சரி பண்ணினேன். ஒவ்வொரு ஜாயிண்டா சுரண்டி, ஒவ்வொரு வயரா மாத்தி. மொத மொதல்ல ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் கூடுற நேரத்துல பேசினேன். அறுபது பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க. கோயமுத்தூர்க்காரர் அஞ்சு-ஒம்பது. நாகர்கோயில் அஞ்சு-ஒம்பது. எனக்குக் கண்ணுல தண்ணி. அப்ப இவன் கூட்டாளி வீட்டு செட்டுலேருந்து வர்றான். வந்து, அறுபது பேரு கேக்க, "அண்ணே, உங்க சிக்னல் மூணு-ஆறு. பின்னாடி ஹம் இருக்கு. எர்த் சரியாக் குடுக்கல, பாருங்க"ன்னான்.

ஹம்முன்னா உர்ருன்னு ஒரு சத்தம். அப்படி ஒண்ணும் இல்ல சார். இருந்துச்சுன்னே வச்சுக்குவோம், வீட்டுக்குள்ள வந்து சொல்லக் கூடாதா? அப்ப நாங்க ஒரே வீடு. ஒரே சோறு. அன்னைக்கு நான் சாப்பிடல. திங்கக்கிழமை எங்க மாமாவுக்கு ஆள் அனுப்பினேன், பாகம் பிரிச்சிடுங்கன்னு.

மாமான்னா அம்மாகூடப் பொறந்தவர், சின்னப்பன். வெங்காய மண்டி வச்சிருந்தார். வாழ்க்கையில எந்தப் பிரச்சனையா இருந்தாலும் தராசுல வச்சுப் பாக்கணும்பார். வீட்ட நடுவுல சுவர் வச்சு ரெண்டாக்கிட்டார். பாத்திரம் பண்டமெல்லாம் பிரிச்சார். கடைசியில இந்த செட்டு. எனக்கு வேணும்னேன். அவனும் அவனுக்கு வேணும்னான். மாமா ரெண்டு பெட்டியையும், பிரிக்காம மிச்சம் கெடந்த சாமானையும் மாட்டு வண்டியில ஏத்தி மண்டிக்குக் கொண்டுபோயி, மூட்டை போடுற பெரிய தராசுல ஒரு தட்டுல இத வச்சார், ஒரு தட்டுல அத வச்சார். பவர் பேக்குல ட்ரான்ஸ்பார்மர் இருக்கே, அது பாறாங்கல்லு கனம். இந்தத் தட்டு மேல போயி நின்னுக்கிச்சு. சரின்னு என் தட்டுல, மத்தவங்க பேசறதக் கேக்கறதுக்குன்னு தனியா இருந்த ரிசீவர வச்சார். பத்தல. மைக்கு வச்சார். அப்பாவோட டூல்ஸ் பெட்டி வச்சார். இன்னும் ஒரு மூணு கிலோ கொறையுது. சுத்திமுத்திப் பாத்துட்டு, எங்கம்மாவோட அம்மிக் குழவியத் தூக்கி என் தட்டுல வச்சார். தராசு சமமா நின்னுச்சு. "யாருக்கும் ஒரு கிராம் வஞ்சன இல்ல"ன்னு கும்பிட்டார். பத்திரத்துலயும் எழுதியாச்சு. ட்ரான்ஸ்மிட்டரும் குழவியும் மூத்தவனுக்கு. பவர் பேக்கும் அம்மியும் இளையவனுக்கு.

சிரிக்காதீங்க சார். இன்னைக்கு வரைக்கும் என் வீட்டம்மா பிலோமினா தேங்காத் துவையல் அரைக்கணும்னா குழவிய இடுப்புல வச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறா. அவளும் ஸ்டெல்லாவும், ஸ்டெல்லான்னா அவன் சம்சாரம், நாள் பூராப் பேசுவாங்க. பொம்பளைங்களுக்கு வைராக்கியமே கெடையாது.

அப்புறம் ஒரு வருஷம் ரெண்டு பெட்டியும் சும்மா கெடந்துச்சு. ஒருநாள் காலையில இந்த அறையில உக்காந்திருக்கேன், அந்தப் பக்கத்துலேருந்து சுவத்துல டங்கு டங்குன்னு சத்தம். காரை உதிருது. ஒரு செங்கல் உள்ள விழுந்துச்சு. ஓட்டையிலேருந்து ஒரு வயரு வருது, நுனியில ப்ளக்கு. அதோ பாருங்க, அந்த ஓட்டைதான். பொதுச்சுவரு சார் அது, என்னைக் கேக்காம ஓட்ட போட்டுருக்கான். கேஸ் போடலாம்னு வக்கீலக்கூடப் பாத்தேன். என்ன திமிரு பாத்தீங்களா. அப்பா செட்டுக்கு அப்பா வச்ச அதே ப்ளக்கு. கரண்ட் வருதான்னு சும்மா செக் பண்ணலாம்னு சொருகினேன். மறுநாள் காலையில சரியா ஏழு மணிக்கு வால்வெல்லாம் செவப்பா எரிய ஆரம்பிச்சுச்சு. எட்டு மணிக்கு அணைஞ்சுச்சு. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். பத்து வருஷத்துல ஒரு நாளாவது, ட்ரான்ஸ்மிட்டர இந்தப் பக்கம் குடுங்க, நானும் பேசறேன்னு கேட்டிருப்பானா? கேக்க மாட்டான். அவ்வளவு கர்வம்.

இதுல இன்னொரு கொடுமை. இந்த செட்ட ட்யூன் பண்ணணும்னா ஒரு மீட்டரு பாக்கணும். வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு முள்ளு காட்டும். முள்ளு எறங்குற எடத்துல நிறுத்தணும். ஏறிக்கிட்டே போச்சுன்னா வால்வுக்குள்ள இருக்கற தகடு செவந்து, வால்வு கருகிடும். அந்த மீட்டர அப்பா எங்க வச்சார்? பவர் பேக்குல வச்சார். அதாவது, பேசுறவன் எனக்கு முள்ளு தெரியாது. முள்ளு தெரியறவன் பேச மாட்டான்.

அப்ப எப்படிங்கறீங்களா? அவன் சுவத்துல தட்டுவான். ஒரு தட்டு தட்டினா முள்ளு எறங்கிடுச்சு, சரின்னு அர்த்தம். ரெண்டு தட்டினா ஏறுது, கொறைங்கன்னு அர்த்தம். புரிஞ்சா நான் ஒரு தட்டு தட்டுவேன். இது பேச்சு இல்ல சார். தெளிவா எழுதி வச்சுக்கங்க, நாங்க பேசிக்கிறதில்ல. தட்டுறது வேற.

சில நாள் நான் நல்லாப் பேசிக்கிட்டே இருப்பேன், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் வருவார், அருமையான மனுஷன், அவர்கிட்ட நம்ம திருச்சி வெயிலப் பத்தி சொல்லிக்கிட்டு இருப்பேன். டக்குனு அணைச்சிடுவான். பாதி வாக்கியத்துல. அவருக்கு நான் என்னமோ கோவிச்சுக்கிட்டுப் போயிட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, நூறு தடவ செஞ்சிருக்கான். பொறாமை. ஆனா என்ன செஞ்சும் என் செட்ட ஒண்ணும் பண்ண முடியல. பத்து வருஷமா ஒரே வால்வு சார். வேற ஆளுங்க ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறாங்க. என்கிட்ட அதே வால்வு. ஆபரேட் பண்றவன் கையில இருக்கு எல்லாம்.

போன ஐப்பசியில ஸ்டெல்லா என் வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கா, வீட்ட விக்கப்போறோம், அவளுக்கு முழங்கால் வலி, மகன் கூப்பிடுறான்னு. அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போது இவ அத என்கிட்ட சொன்னா. நான் சொன்னேன், நிம்மதி. அப்புறம் நெனச்சுப் பாத்தேன். இவன்கிட்ட கரண்ட் வாங்கிப் பேசற பொழப்பு எனக்கு எதுக்கு? நானே ஒரு பவர் பேக் கட்டிடறேன்னு எறங்கினேன்.

கடையில அந்த மாதிரி ட்ரான்ஸ்பார்மர் கெடைக்காது. கையால சுத்தணும். பழைய ஸ்டெபிலைசர்லேருந்து தகடு எடுத்தேன். தையல் மிஷின் ஸ்டாண்டுல கம்பிய மாட்டி, சக்கரத்தச் சுத்த ஆரம்பிச்சேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் சுத்து. ஒவ்வொரு சுத்தையும் எண்ணணும். எண்ணூத்தி அம்பத்தி மூணுன்னு இருக்கும்போது பிலோமினா வந்து, ஜெபமாலை சொல்ல வாங்கம்பா. எண்ணிக்கை போச்சு. பிரிச்சுட்டு மறுபடியும் ஒண்ணுலேருந்து. ஆயிரத்தித் தொள்ளாயிரம் வரைக்கும் வந்தப்ப கேஸ்காரன் வந்து சிலிண்டர் நம்பர் கேட்டான், அந்த நம்பர எண்ணிக்கையில சேத்துட்டேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை, வெளிய போக வழியில்ல, நான் சுத்திக்கிட்டே இருக்கேன். வீடு பூரா வார்னிஷ் நாத்தம். இவ ஒரு வாரம் அந்த வீட்டுலதான் போயி சமைச்சா.

ஒருவழியா முடிச்சேன். பேப்பர்ல பெருசா எழுதினேன்: "இனி உன் கரண்ட் எனக்குத் தேவையில்லை." சுருட்டி அந்த ஓட்டை வழியா உள்ள தள்ளினேன். மறுநாள் ஏழு மணிக்கு என் சொந்த பவர் பேக்க ஆன் பண்ணினேன்.

நாலு செகண்டு எரிஞ்சுச்சு. ரொம்ப நல்லா எரிஞ்சுச்சு. அப்புறம் ஒரு மாதிரி கருவாட்டு வாடை வந்துச்சு. அப்புறம் புகை. நம்ம தெருவுல நாப்பது வீட்டுக்குக் கரண்ட் போச்சு. ஆறாம் நம்பர் வீட்டம்மா மிக்ஸி ஜாரக் கையில புடிச்சுக்கிட்டே வந்து வாசல்ல நின்னுச்சு. எனக்கு மூஞ்சி பூரா கரி. அவன் கண்ணு பட்டுருச்சு சார், வேற காரணமே இல்ல. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டு மாசம் சார். ஒவ்வொரு சுத்தா.

மத்தியானம் கரண்ட் வந்துச்சு. மறுநாள் காலையில நான் இங்க வெறுமனே உக்காந்திருக்கேன். ப்ளக்கு தரையில கெடக்கு. ஏழு மணிக்கு சுவத்துல ஒரு தட்டு. நான் ப்ளக்கக் காலால தள்ளிவிட்டேன். மறுபடியும் ஒரு தட்டு. எவ்வளவு நேரந்தான் ஒருத்தன் தட்டிக்கிட்டே இருப்பான்? எடுத்துச் சொருகினேன். மானங்கெட்டுப்போயி சொருகினேன். அன்னைக்கு இலங்கை அஞ்சு-ஒம்பது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீங்க அந்த வீட்ட வாங்கறதா இருந்தா மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, உங்க அறைச் சுவத்துக்குள்ள அறுநூறு வோல்ட் ஓடுது. ஆணி அடிச்சு சாமி படம் மாட்டணும்னா என்னைக் கேட்டுட்டு மாட்டணும். ரெண்டு, நாப்பது கிலோவுல ஒரு பெட்டி, அத அந்த எடத்தவிட்டு நகத்தக் கூடாது. மூணு, தெனமும் காலையில ஏழு மணிக்கு யாராவது ஸ்விட்ச் போட்டு, ஒரு மணி நேரம் முள்ளு முன்னாடி உக்காந்திருக்கணும். கிறிஸ்மஸ், தீபாவளி, வீட்டுல யாருக்காவது காய்ச்சல், அதெல்லாம் கெடையாது. இத ஏத்துக்கிட்டு எந்த மடையன் சார் வீடு வாங்குவான்? நான் யாரையும் வாங்காதீங்கன்னு சொல்லல. உள்ளதச் சொல்றேன். யாரும் வாங்கலன்னா அவன் இங்கயே கெடப்பான், அது அவன் தலையெழுத்து, அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

என்ன சார், தலைய ஆட்டுறீங்க?

வாங்கியாச்சா?

எப்ப? போன வெள்ளிக்கிழமையா? அக்ரிமெண்ட் போட்டாச்சா? நாலாவதா வந்தவரு வியாழக்கிழமைதானே ஓடினாரு. அப்ப நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க? பின்பக்கத் தெரு வழியாவா. பின்பக்கத் தெருவுல நான் பாக்கல.

சார், அப்ப இந்தக் கரண்ட் விஷயம் உங்களுக்கு... அக்ரிமெண்ட்லயே இருக்கா? எங்க, குடுங்க. கண்ணாடி எங்க வச்சேன். நீங்களே படிங்க. இல்ல, குடுங்க, நானே படிக்கிறேன். "மேற்படி வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டியுள்ள பவர் பேக் என்னும் இயந்திரத்தை அப்புறப்படுத்தாமலும், தினமும் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை இயக்கியும், இரண்டாவது பார்ட்டியார் தாமே அதன் முன் அமர்ந்து முள்ளைக் கவனித்தும் வரவேண்டியது. இது பக்கத்து மனையில் குடியிருக்கும் மரியசூசையின் ஆயுள் பரியந்தம்."

என் ஆயுசுக்கு இவன் யாரு சார் ஷரத்து போட?

நீங்க இதுல கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. பாக்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? வீடு பாக்க இல்லையா? பழகிக்கவா? தட்டுறதுக்கா? அவன்தான் அனுப்பினானா, அண்ணன்கிட்ட போயி ஒரு நாள் உக்காந்து கத்துக்கங்கன்னு? நல்ல ஆளு சார். ஒரு மணி நேரமா நான் பேசறேன், நீங்களும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நான் சொல்ல விடலையா. சரி, சரி.

இதென்ன நோட்டு? உங்களுக்குக் குடுத்தானா? இது அவன் எழுத்துதான். கோழி கிண்டின மாதிரி.

"ஏழுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால் சூடு பண்ண வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் அண்ணன் அன்று முழுக்க அண்ணியிடம் எரிந்து விழுவார்." பிலோமினா, நான் எரிஞ்சு விழுவேனா? எதுக்கு இப்ப சிரிக்கிற? போயி வேலையப் பாரு.

"இலங்கைக்காரர் வந்தால் உற்சாகத்தில் கத்திப் பேசுவார். முள் நூறைத் தாண்டும். இரண்டு தட்டு தட்டவும். கேட்க மாட்டார். உடனே அணைத்துவிடவும். அணைத்தால் வால்வு பிழைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் திட்டுவார். கண்டுகொள்ள வேண்டாம்."

நூறத் தாண்டுமாமே. வால்வு பிழைக்குமாமே. நூறு தடவ அணைச்சது இதுக்குத்தானா? அத ஒரு வார்த்தை... இல்ல, நாங்கதான் பேசறதில்லையே.

"மழைக்காலத்தில் ட்ரான்ஸ்பார்மர் குளிர்ந்துபோகும். பழைய கம்பளி போர்த்தி வைக்கவும். ஹம் இருப்பதாக யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்."

ஹம்மே கெடையாது சார். என்ன எழுதியிருக்கான் பாருங்க.

இது என்ன, சிவப்பு மசியில. "நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று கல்லறைக்குப் போய்விட்டு வந்து அப்பாவின் கால்சைனைக் கூப்பிடுவார். மூன்று தடவை. பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். அன்று மட்டும் ட்யூனிங்கைக் கண்டபடி திருப்பிவிடுவார். முள் எங்கே போனாலும் அணைக்கக் கூடாது. தட்டவும் கூடாது. வால்வு போனால் போகட்டும். அலமாரியில் புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்."

ஒரு நிமிஷம் சார்.

இது பிலோமினாவுக்கே தெரியாது. கதவச் சாத்திட்டுத்தான் கூப்பிடுவேன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பேரு குடுத்திருப்பாங்க, அதான் கால்சைன். அப்பா போனதோட அது ஓய்ஞ்சுபோச்சு, யாருக்கும் கெடையாது. அதக் கூப்பிடுறது சட்டப்படி தப்புகூட. பதில் வரும்னு நம்பற அளவுக்கு நான் பைத்தியம் இல்ல சார். கூப்பிட்டுட்டு, ஒரு நிமிஷம் அந்த இரைச்சலக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான். அந்த ஒரு நாள் மட்டும் தட்டே வராது. இவன் அன்னைக்கு ஸ்விட்சப் போட்டுட்டு எந்திரிச்சுக் கல்லறைக்குப் போயிட்டான்னுதான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பாவுக்கு நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன்னு நெனச்சேன் சார்.

உக்காந்திருந்திருக்கான். சுவத்துக்கு அந்தப் பக்கம், முள்ளப் பாத்துக்கிட்டு.

என்னது? இன்னைக்கே கெளம்பறானா? பதினோரு மணி ஓசூர் வண்டிக்கா? ஸ்டெல்லா போன வாரமே போயிட்டாளா? லாரியில சாமான் போனத நான் பாத்தேன், பழைய கட்டில விக்கிறான்னு நெனச்சேன். பிலோமினா, உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் கேக்கலையா. சரி. நான் கேக்கல.

மணி என்ன சார் இப்ப? பத்தே காலா. ஆட்டோ வந்துடுச்சுபோல, சத்தம் கேக்குது.

பிலோமினா, என் சட்டைய எடு. அந்த வெள்ளச் சட்ட. சும்மா இரு, நான் ஒண்ணும் வழியனுப்பப் போகல. சண்ட போடப் போறேன். நூறுன்னு எழுதியிருக்கான் பாரு, அந்த வால்வு நூத்திப் பத்து தாங்கும், அப்பாவே சொல்லியிருக்கார், அப்ப இவனும் பக்கத்துலதான் நின்னான். இத நேர்ல கேக்காம விட முடியுமா? தட்டிக் கேக்கற விஷயமா இது? சார், நீங்க காபியக் குடிச்சிட்டு இருங்க, நோட்ட மட்டும் என்கிட்ட குடுங்க, பக்கத்துக்குப் பக்கம் கேள்வி இருக்கு எனக்கு. மத்தியானம் எனக்கு சோறு வைக்காத பிலோமினா. பதினோரு வருஷத்துச் சண்ட, ஆட்டோவுல முடியாது. முடியலன்னா நாமக்கல் வரைக்கும் அவன்கூடவே வண்டியில போறேன்.